பதினெட்டு ராத்தல்

மகளுக்கு எண்ணெய் வழிய வழியத் தலைவாரி, இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டிவிட்டபோது, இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் சேர இனி என்ன தடை என்றுதான் பாக்கியலட்சுமி நினைத்தாள். தடை அவள் இடுப்பில் மடித்துச் செருகியிருந்த காகிதத்திலேயே இருந்தது. எழுத்து தெரியாதவளுக்கு அது எப்படித் தெரியும்.

1959ஆம் வருஷம். புதுச் சர்க்கார் வந்திருந்த நேரம். ஆறு வயது நிறைந்த பிள்ளை ஒன்று விடாமல் அடுத்த ஜனவரியில் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும் என்று ஊரெங்கும் ஒரே பேச்சு. ஒலிபெருக்கி கட்டிய வேன் தேக்காச் சந்தைப் பக்கம் நாலு பாஷையிலும் கத்திக்கொண்டு போனது. தமிழின் முறை வருவதற்குள் வேன் திருப்பத்தைத் தாண்டிவிடும். ஆனாலும் சேதி எல்லாருக்கும் எட்டிவிட்டது. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணியோடு பதிவு முடிகிறது. பாக்கியம் போனது புதன்கிழமை.

பள்ளிக்கூட மண்டபத்தில் நீள மேசை போட்டு, தமிழ்ப் பெற்றோர்களுக்கென்று சாகுல் ஹமீது வாத்தியாரை உட்கார வைத்திருந்தார்கள். நல்ல மனுஷர்தான். காலையிலிருந்து எழுதி எழுதி விரல் மரத்துப்போனதில் குரல் மட்டும் கொஞ்சம் கடுகடுவென்று வந்தது. பதிவுப் பாரத்தில் உள்ளபடி வரிசையாகக் கேட்டார். பிள்ளை பெயர் சந்திரமதி. தகப்பன் துரைசாமி, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். வீடு டன்லப் ஸ்திரீட், சாமான் கடை மாடியில் ஓர் அறை. எல்லாவற்றுக்கும் மளமளவென்று பதில் சொன்ன பாக்கியம், எத்தனாவது பிள்ளை என்ற கேள்விக்கு மட்டும் ஒரு நொடி நின்றாள்.

“ஒரே பிள்ளைங்க,” என்றாள். அவர் ஒன்று என்று எழுதிக்கொண்டார்.

பிறகு சூராட்டைக் கேட்டார். பிறப்புப் பத்திரத்தை அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். பாக்கியம் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வாத்தியார் காகிதத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். சந்திரா முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு அவரைப் பார்த்துச் சிரித்து வைத்தாள்.

“இதுல 1951ன்னு இருக்கே, தங்கச்சி. பிள்ளைக்கு எட்டு வயசா?”

ஆறுதான், மாசி மகத்துக்கு மறுநாள் பிறந்தவள், இந்த மாசியோடு ஆறு முடிந்தது என்று பாக்கியம் சொன்னாள். 1951 என்றால் அவளுக்குத் தெரியும். அந்த வருஷம் அவள் ஒரு பிள்ளை பெற்றாள். அது இந்தப் பிள்ளை இல்லை.

எட்டு முடிந்த பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவாம். வாத்தியார் அதைச் சொல்லும்போது குரலைத் தணித்துக்கொண்டார். “நான் கண்ணை மூடிக்கிட்டு எழுதிடலாம். ஆறாம் வகுப்புப் பரீட்சைக்குப் போறப்ப இதே சூராட்டு மறுபடி வரும்லா. அன்னிக்குப் பிள்ளையைத் தூக்கி வெளியே போடுவாங்க. சரியான சூராட்டைக் கொண்டாங்க. சனிக்கிழமை பன்னிரண்டு வரைக்கும் இங்கதான் இருப்பேன்.”

பாதி எழுதிய பாரத்தைத் தனியாக எடுத்து, கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தார். பின்னால் நின்ற அம்மாள் ஏற்கெனவே பாக்கியத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

அந்த முதல் பிள்ளையின் பெயரும் சந்திரமதிதான். ஒரு வயது தாண்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் இரண்டே நாளில் போய்விட்டது. துரைசாமி அன்றைக்கு அழவில்லை. அழாததுதான் வினையாகப் போயிற்று. அடுத்த வருஷம் மாசியில் விடியற்காலை டன்லப் ஸ்திரீட் அறையில் இன்னொரு பெண் பிறந்தாள். குழந்தையைக் கையில் வாங்கினவன் இடது காதை மடக்கிப் பார்த்தான். முதல் பிள்ளைக்கு இருந்த இடத்திலேயே ஒரு மச்சம். வந்துட்டா, என்றான். அவ்வளவுதான். அதே பெயரை வைத்தான். அன்றிலிருந்து அவன் கணக்கில் அவனுக்கு ஒரே மகள். நடுவில் கொஞ்ச நாள் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தவள்.

பாக்கியத்துக்கு அப்படித் தோன்றவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா, எது எந்தப் பிள்ளையென்று. மூத்தவள் சாந்தமாகக் கிடப்பாள். இவளோ பிறந்த அன்றே கட்டிடம் அதிர அழுதவள். ஆனாலும் அவனிடம் வாயைத் திறக்கவில்லை. முதல் திதி வந்தபோது விளக்கேற்றப் போனவளிடம், உயிரோடு இருக்கிறவளுக்கு எதற்கு விளக்கு என்று கேட்டு அணைத்தவன் அவன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

அன்று சாயங்காலம் துரைசாமி வேலை முடிந்து வந்து காலைக் கழுவுவதற்குள் பாக்கியம் கேட்டுவிட்டாள். சின்னவளுக்குச் சூராட்டு எங்கே.

“அதான் குடுத்தேனே.”

அது மூத்தவளுடையது, சின்னவளுக்கு எங்கே என்று மறுபடி கேட்டாள். மூத்தவள், சின்னவள் என்ற சொற்களை அந்த வீட்டுக்குள் அவள் சொன்னது அதுவே முதல் தடவை. துரைசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். முகம் எப்போதோ காய்ந்துவிட்டது. பிறகு நிதானமாக, ஏதோ அவளுக்குப் புரியாத விஷயத்தைப் புரிய வைக்கிறவனைப் போலச் சொன்னான். அவளுக்குத்தான் காகிதம் இருக்கிறதே, ஒரே பிள்ளைக்கு எதற்கு இரண்டு காகிதம், அதனால் பதியவில்லை என்று.

பாக்கியம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறந்துபோய்ப் பதியாமல் விட்டவர்கள் உண்டு, சோம்பலில் விட்டவர்கள் உண்டு. போன பிள்ளை திரும்பி வந்துவிட்டது என்று நம்பிப் பதியாமல் விட்டவனை எந்த ஆபீஸ் கிராணியிடம் கொண்டுபோய் நிறுத்துவது. வந்த கோபத்தில் அவனை நாலு வார்த்தை கேட்டிருப்பாள். பாயில் உட்கார்ந்து வாங்கி வைத்த புதுச் சிலேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை, தனியாகவே பதிவு ஆபீசுக்குப் போனாள். கவுண்ட்டரில் இருந்த தமிழ்க் கிராணி காகிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய், பெரிய புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிறப்பு இருந்தது. இன்னொரு புத்தகம் கொண்டுவந்தார். அதில் இறப்பும் இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்களே அப்போது எழுதி அனுப்பியிருந்தார்கள். கிராணி இரண்டு புத்தகத்தையும் திறந்தபடியே வைத்துக்கொண்டு பாக்கியத்தைப் பார்த்த பார்வை மாறிவிட்டது.

“இந்தச் சூராட்டுக்குச் சொந்தமான பிள்ளை செத்துப்போச்சு. அப்ப உங்க வீட்டுல இருக்கிறது யார் பிள்ளை? ஊர்லேருந்து கொண்டாந்ததா?”

அப்படிச் செய்கிறவர்கள் இருந்தார்கள். கப்பலில் வந்த அண்ணன் மகளையும் அக்காள் மகனையும் செத்துப்போன பிள்ளையின் காகிதத்தில் ஏற்றி, இங்கே பிறந்ததாகக் காட்டுவது. கிராணி அந்த மாதிரி எத்தனையோ பார்த்திருக்கிறார் போல. இங்கேதான் பெற்றேன், இதே டன்லப் ஸ்திரீட்டில் என்று பாக்கியம் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தகப்பன் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளை இங்கே பிறந்ததற்குக் கண்ணால் கண்ட சாட்சியோ எழுத்தோ வேண்டும். சனிக்கிழமை காலைக்குள் வராவிட்டால் இந்தக் காகிதம் போலீசுக்குப் போகும் என்றார். காகிதத்தைத் திருப்பித் தரவும் இல்லை.

பள்ளிக்கூடக் கவலை போய், இப்போது பிள்ளையே தன் பிள்ளைதானா என்ற இடத்தில் வந்து நின்றது. பாக்கியம் வெளியே வந்து படியில் நின்றாள். பயம் என்றால் அப்படி ஒரு பயம். ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு நாள் இருந்த பயத்துக்குப் பிறகு இதுதான்.

துரைசாமியிடம் போலீஸ் என்ற சொல்லைச் சொன்னபோதுதான் அவன் அசைந்தான். சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு வருவதாகச் சொன்னான். வந்து என்ன சொல்வான் என்று பாக்கியம் கேட்டாள். என் பிள்ளை, என் காகிதம், வேறு என்ன சொல்வது என்றான். இவனை நம்பிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கண்ணால் கண்ட சாட்சி என்றால் ஒரே ஆள்தான். பேறு பார்த்த மைமூன். அப்போது பக்கத்துச் சந்தில் இருந்தவள், பிறகு சாங்கிப் பக்கம் கம்பத்துக் கிராமத்துக்குக் குடிபோய்விட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் பாக்கியம் இரண்டு பஸ் மாறி, கடற்கரை மணலில் செருப்பு புதையப் புதைய விசாரித்துக்கொண்டு போனாள். மைமூன் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கண்டதும் கட்டிக்கொண்டாள். நம்ம புள்ள எப்படி இருக்கு என்றுதான் முதலில் கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் பாக்கியத்துக்குப் பாதி உயிர் வந்தது.

விஷயத்தைச் சொன்னதும் மைமூனின் முகம் சுருங்கிவிட்டது. தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாள். அவளிடம் லைசென்ஸ் கிடையாது. ஏற்கெனவே ஒரு தடவை பிடித்து, இனி பேறு பார்த்தால் ஜெயில்தான் என்று எச்சரித்து விட்டிருந்தார்கள். புருஷன் முகம்மது யூசுப் இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. உள்ளே அவர் இருமுவது கேட்டது. இவள் கையில்தான் அந்த வீடு.

“நான் அன்னிக்கே உன் வீட்டுக்காரர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன், போய்ப் பதிஞ்சிட்டு வாங்கன்னு. சிரிச்சாரு. இப்ப நான் வந்து அந்த ஆபீசுல நின்னேன்னா, என் பேரையும் சேர்த்துல்ல எழுதுவாங்க, தங்கச்சி. என்னால முடியாது.”

பாக்கியம் கெஞ்சவில்லை. கெஞ்சினால் வந்துவிடுவாள் என்று தோன்றியது, அதனாலேயே கெஞ்சவில்லை. ஒரு வீட்டைக் கெடுத்து இன்னொரு வீட்டை நிறுத்துவதா என்று நினைத்துக்கொண்டு கோப்பையைக் கீழே வைத்து எழுந்தாள். வாசலைத் தாண்டும்போது மைமூன் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“நான் ஒருத்திதான் சாட்சியா? பத்தாம் நாளே பிள்ளையைத் தூக்கிக்கிட்டு கிளினிக்குக்கு ஓடினியே, பால்மாவுக்கு. அந்த நர்ஸ் மிஸ்ஸி நிறுத்துக் கார்டுல எழுதினாளா இல்லையா? சர்க்கார் கை எழுத்துதானே அது?”

பாக்கியம் அங்கேயே நின்றுவிட்டாள். அந்தக் கார்டு தொலையவில்லை. எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஐந்து வருஷமாக அதை அவள்தான் ஒளித்து வைத்திருக்கிறாள்.

கைக்குழந்தைகளுக்கான சர்க்கார் கிளினிக்கில் மாதாமாதம் பிள்ளையை நிறுத்து, நாளும் ராத்தல் கணக்கில் எடையும் எழுதி, இலவசமாகப் பால்மாவு கொடுப்பார்கள். மூத்தவளுக்கு அப்படி ஒரு மஞ்சள் கார்டு போட்டிருந்தார்கள். அவள் போன பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் துணிப்பையிலேயே விட்டுவிட்டாள். சின்னவள் பிறந்து பத்தாம் நாள் அதே பையோடு போய் வரிசையில் நின்றபோது, கார்டு எங்கே என்று மிஸ்ஸி அதட்டினாள். கைக்கு வந்ததை எடுத்து நீட்டினாள் பாக்கியம். அன்றைக்குக் கூட்டமான கூட்டம். பெயர் ஒன்றுதான், தாய் ஒன்றுதான். மிஸ்ஸி அடுத்த வரியில் எழுதிக்கொண்டே போய்விட்டாள். இது வேறு பிள்ளை என்று பாக்கியம் சொல்லியிருக்கலாம். சொன்னால் புதுக் கார்டு போட்டுவிட்டுப் பழையதைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயம். மூத்தவள் இருந்தாள் என்பதற்கு அந்த மஞ்சள் அட்டையை விட்டால் அவளிடம் வேறு என்ன இருக்கிறது. அதனால் பேசாமல் இருந்துவிட்டாள்.

பிள்ளை நடக்கத் தொடங்கியதும் கிளினிக் நின்றது. கார்டு சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்துக்குப் பின்னால் போனது. வருஷா வருஷம் மூத்தவள் போன அந்த ஒரு நாளில் பாக்கியம் முருகனுக்கு இன்னொரு விளக்கு கூடுதலாக வைப்பாள். துரைசாமியும் பக்தி என்று நினைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவான். இப்போது அந்தக் கார்டை அவன் கண் முன்னால் எடுத்து வைக்க வேண்டும். செத்தவள் இல்லை என்று நீ சொன்னவளுக்குத்தான் இத்தனை வருஷமும் விளக்கு வைத்தேன் என்று சொல்வதும் அதுவும் ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை மூன்று பேருமாகப் பதிவு ஆபீசுக்குப் போனார்கள். சந்திராவை வீட்டில் விட முடியாது. பிள்ளையைக் காட்டச் சொல்லியிருந்தார்கள். கார்டு பாக்கியத்தின் ரவிக்கைக்குள் இருந்தது. துரைசாமிக்குத் தெரியாது. இவன் வாயால் உண்மை வந்துவிட்டால் அதை எடுக்கவே வேண்டாம் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தாள்.

ஆபீசில் காத்திருந்தே பத்தரை ஆகிவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் பிள்ளையைப் பார்ப்பதுமாக அவள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு சீனர், வயதானவர், மலாயில் பேசினார். துறைமுகத்தில் வேலை பார்க்கிறவனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பக்கத்தில் கிராணி இரண்டு பெரிய புத்தகத்தோடும் நின்றார்.

இந்தப் பிறப்பு யாருடையது என்று அதிகாரி கேட்டார். இதோ இவளுடையது என்று துரைசாமி மகளைக் காட்டினான். அப்படியானால் இந்த இறப்பு யாருடையது என்று கேட்டார். துரைசாமி கொஞ்சம் விழித்தான். பிறகு, பாக்கியம் எதற்குப் பயந்தாளோ அதையே சொன்னான்.

“ஆஸ்பத்திரிக்காரங்க தப்பா எழுதிட்டாங்க.”

மலாயில் சொன்னதை மறுபடி தமிழிலும் கிராணியிடம் சொன்னான். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இறப்பு தப்பு என்றால் இந்தப் பிள்ளைக்கு எட்டு வயது, ஒன்றாம் வகுப்பில் இடம் இல்லை. பார்த்தால் எட்டு வயதுப் பிள்ளையாகவும் தெரியவில்லை. இறப்பு சரி என்றால் இது இங்கே பிறந்ததற்கு ஒரு அத்தாட்சியும் இல்லை. இரண்டில் எது என்றாலும் போலீஸ் விசாரிக்கட்டும் என்று சொல்லி, ஒரு காகிதத்தை இழுத்து எழுதத் தொடங்கினார். மணி பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

பாக்கியம் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். புருஷன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அதிகாரி அதைக் கையில் எடுத்தார். மேல் வரியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். 1951, எட்டு ராத்தல். பத்து. பன்னிரண்டரை. வரிக்கு வரி ஏறிக்கொண்டே போனது. 1952 பிப்ரவரியில் பதினெட்டு. அவருடைய விரல் அங்கே நின்றது. அடுத்த வரி 1953 மார்ச். ஏழு ராத்தல். இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. அதற்குக் கீழே எட்டரை, பத்து, பதினொன்று என்று மறுபடி முதலிலிருந்து ஏறியது.

அவர் கார்டைத் துரைசாமி பக்கம் திருப்பி வைத்து, அந்த இரண்டு வரியையும் தொட்டுக் காட்டிக் கேட்டார். பதினெட்டு ராத்தல் இருந்த பிள்ளை ஏழு ராத்தல் ஆனது எப்படி.

துரைசாமிக்கு எழுத்துதான் தகராறு, எண் தகராறு இல்லை. நாள் முழுக்கச் சரக்கு எடைச் சீட்டைப் பார்த்து வின்ச்சைத் தூக்குகிறவன். பதினெட்டு என்றால் தோளில் அது எப்படிக் கனக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவன் தூக்கிச் சுமந்த கனம் அது. வேலை முடிந்து வந்ததும் தூக்கிக்கொண்டு தேக்காச் சந்தை முழுவதும் சுற்றுவான். ஏழு என்றால் இரண்டு கைக்குள் அடங்குவது. இரண்டையும் அவன் மாறி மாறிப் பார்த்தான். கிராணி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதிகாரி கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“ஆகல,” என்றான் துரைசாமி. தமிழில்தான் சொன்னான். “அவ செத்துப்போயிட்டா. இது வேற பிள்ளை.”

சொன்னவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் அழாத அழுகையை அங்கே அழுதான். பெரிய சத்தம் போட்டு. அடுத்த அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. பாக்கியத்துக்கு அழுகை வரவில்லை. ஏழு வருஷக் கோபம்தான் வந்தது. தன்னைத் தனியாக அழவிட்டானே என்ற கோபம். ஆனாலும் அவள் கை போய் அவன் முதுகைத் தொட்டது. பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டிருந்த சந்திரா ஆட்டுவதை நிறுத்திவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் காகித வேலை. சர்க்கார் மிஸ்ஸியின் கையெழுத்து, பிறந்த பத்தாம் நாளின் தேதி, ஏழு ராத்தல். இதைவிட வேறு சாட்சி வேண்டாம் என்று அதிகாரி சொல்லிவிட்டார். பேறு பார்த்தது யார் என்ற இடம் வந்தபோது, அவசரத்துக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் என்றாள் பாக்கியம். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. தாமதப் பதிவுக்குத் துரைசாமி கையெழுத்துப் போட்டான். மூத்தவளின் இறப்புக்கு எதிரில், இது உண்மை என்று இன்னொரு கையெழுத்தும் வாங்கினார்கள். அதைப் போடும்போதுதான் பேனா கொஞ்சம் தடுமாறியது. அத்தாட்சிச் சீட்டோடு அந்த மஞ்சள் கார்டையும் அதிகாரி பாக்கியத்தின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்தபோது மணி பதினொன்று முப்பத்தைந்து. கிடைத்த மூன்று சக்கர டிரைஷாவில் மூன்று பேரும் நெருக்கியடித்து ஏறினார்கள். சந்திரா அப்பாவின் மடியில். சிராங்கூன் ரோட்டில் மாட்டு வண்டி ஒன்று குறுக்கே நின்று, இரண்டு நிமிஷம் பாக்கியத்தின் உயிரை எடுத்தது. அந்த இரண்டு நிமிஷத்தில்தான் பிள்ளை கேட்டாள், யார் செத்துப்போனது என்று.

பாக்கியம் புருஷனைப் பார்த்தாள். இதை அவன்தான் சொல்ல வேண்டும்.

“உன் அக்கா,” என்றான் துரைசாமி. “நீ பொறக்கிறதுக்கு முன்னால.”

அக்காவின் பெயர் என்ன என்று கேட்டாள். சந்திரமதி என்றான். பிள்ளை யோசித்தாள். “அவ பேரை நான் எடுத்துக்கிட்டேனா?” என்றாள். நீ எடுக்கவில்லை, நான்தான் கொடுத்தேன் என்று அவன் சொன்னான். அவள் எவ்வளவு பெரிசு என்று கேட்டாள். அதற்கும் சொன்னான். மாட்டு வண்டி நகர்ந்தது.

பள்ளிக்கூட மண்டபத்தில் மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். சாகுல் ஹமீது வாத்தியாரின் மேசை மட்டும் விரித்தபடி இருந்தது. கண்ணாடிக் குண்டுக்கு அடியில் ஒரே ஒரு பாரம். மணி பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம். அவர் எதுவும் கேட்காமல் அத்தாட்சிச் சீட்டை வாங்கிப் பார்த்து, பிறந்த தேதியை எழுதினார். பிறகு முறைப்படி மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்தார். பெயர், தகப்பன் பெயர், குடியிருப்பு எல்லாம் சரி. எத்தனாவது பிள்ளை, ஒன்று, சரிதானே என்றார்.

பாக்கியம் தலையசைக்கப் போனாள். பழக்கம்.

“ரெண்டாவது,” என்றான் துரைசாமி.

வாத்தியார் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். ஒன்றை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினார். அதற்கு அடுத்த வரியிலும் ஒரு கேள்வி இருந்தது. முதல் பிள்ளைக்கு அது பொருந்தாது என்று புதன்கிழமை விட்டுவிட்ட கேள்வி. பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டார், மூத்தது எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது என்று.

துரைசாமி பாக்கியத்தைப் பார்த்தான். பாக்கியம் அவனைப் பார்த்தாள். மேசைக்கு மேலே தலை மட்டும் தெரிய நின்ற சந்திரா, பெரியவர்கள் ஏன் பேசாமல் இருக்கிறார்கள் என்று இரண்டு பேரையும் ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தானே சொன்னாள்.

“அக்கா படிக்கல சார். அவ சின்னதுலேயே செத்துப்போயிட்டா. பதினெட்டு ராத்தல் இருந்தா.”

அவள் இருந்தாள் என்று அந்த வீட்டிலிருந்து ஒருவர் தயங்காமல் சொல்லிக் கேட்டு ஏழு வருஷமாகியிருந்தது. பாக்கியம் மேசையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வாத்தியார் அந்தக் கட்டத்தில் மெதுவாக ஒரு கோடு இழுத்தார். பாரத்தின் அடியில் முத்திரையைக் குத்தி, பாதியைக் கிழித்துப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தார். ஜனவரி இரண்டாம் தேதி காலை ஏழரை மணிக்கு வந்துவிட வேண்டும் என்றார்.